பாடும் இயந்திரத்துக்குப் பின்னால் யார்? ‘மாக்ரோஸ் பிளஸ்’ அனிமேயும் கேமரன் மலைத் தோட்டங்களும்

மனிதர் செய்துவந்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொள்ளும்போது உண்மையில் நடப்பது என்ன? உழைப்பின் சுமை குறைகிறது, மனிதர் மேலான வேலைக்குப் போகிறார் என்பார் சிலர். மனிதர் வேண்டாதவராகிறார் என்பார் வேறு சிலர். இந்த இரு தரப்பாரும் ஒன்றில் ஒத்துப்போகிறார்கள்: இயந்திரம் வந்துவிட்ட இடத்தில் மனிதர் இல்லை என்று இருவருமே எடுத்துக்கொள்கிறார்கள். 1994இல் ஜப்பானில் வெளிவந்த ‘மாக்ரோஸ் பிளஸ்’ என்னும் அறிவியல் புனைவு அனிமே இந்த நம்பிக்கையைத்தான் சோதித்துப் பார்க்கிறது. விமானம் ஓட்டுவது, பாடுவது என்ற இரண்டு வேலைகளை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு, அவற்றைச் செய்துவந்த மனிதர்கள் எங்கே போனார்கள் என்று அது தேடுகிறது. மலேசியாவில் பகாங் மாநிலத்தின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்தெடுக்கும் வேலை கையிலிருந்து கத்தரிக்கும், கத்தரியிலிருந்து மோட்டாருக்கும் மாறிய வரலாறு நமக்கு இருக்கிறது. மறைந்த பாடகர்களின் குரலைக் கணினி மீண்டும் பாடும் காலமும் வந்துவிட்டது. ஆகவே அந்த அனிமேயின் கேள்வி தமிழருக்கு அயலார் வீட்டுக் கேள்வியல்ல. இயந்திரம் பெரும்பாலும் மனிதரை அகற்றுவதைவிட மறைக்கவே செய்கிறது என்பதும், மறைக்கப்படுபவருக்குப் பெயரும் சொல்லுரிமையும் பங்கும் உண்டா என்றே நாம் கேட்கவேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

‘மாக்ரோஸ்’ வரிசையின் முதல் தொலைக்காட்சித் தொடர் 1982 அக்டோபரில் தொடங்கியது. போரைத் தவிர வேறெதையும் அறியாத ஜென்ட்ராடி என்னும் பேருருவ இனம் பூமியைத் தாக்குகிறது. லின் மின்மே என்னும் இளம்பெண்ணின் பாட்டு அந்த வீரர்களை நிலைகுலையச் செய்து போரின் போக்கையே மாற்றுகிறது. பாட்டுக்கு அத்தனை வலிமை உண்டு என்று நம்பிய அந்தத் தொடருக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, அதே படைப்பாளி ஷோஜி கவாமோரி அந்த நம்பிக்கையைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். ஷினிசிரோ வதனாபே உடன் இயக்க, கெய்கோ நொபுமோட்டோ திரைக்கதை எழுத, யோகோ கன்னோ இசையமைக்க, நான்கு பகுதிகளாக ‘மாக்ரோஸ் பிளஸ்’ வந்தது. 1995இல் திரைப்படமாகவும் தொகுக்கப்பட்டது. கதை நடப்பது 2040இல், ஈடன் என்னும் கோளில். ஒரு காலத்தில் நண்பர்களாயிருந்த இசாமு டைசனும் கல்ட் போமனும் இப்போது போட்டி நிறுவனங்களின் இரு புதிய போர்விமானங்களைச் சோதிக்கும் விமானிகள். அமெரிக்க வான்படைக்காக ஒய்எஃப்-22, ஒய்எஃப்-23 என்ற இரு விமானங்கள் 1990இல் பறந்து போட்டியிட்டதும், 1991இல் முன்னது தேர்வானதும் இக்கதைக்குப் பின்னணி. இருவருக்கும் இளமைத் தோழியான மியுங் ஃபாங் லோன், பாடுவதை விட்டுவிட்டு, ஷாரன் ஆப்பிள் என்னும் கணினிப் பாடகியின் தயாரிப்பாளராக அங்கே வந்து சேர்கிறாள்.

ஷாரன் ஆப்பிளுக்கு உடல் கிடையாது. ஒளியாலான உருவங்கள் மட்டுமே. ஆயினும் கோள்கள்தோறும் மக்கள் அவளுக்காகத் திரள்கிறார்கள். அந்தப் பாட்டில் உணர்ச்சி எங்கிருந்து வருகிறது என்பதில்தான் கதையின் முடிச்சு இருக்கிறது. ஷாரனின் உணர்வு நிரல் இன்னும் முற்றுப்பெறவில்லை. அதனால் நிகழ்ச்சிதோறும் மியுங் திரைக்குப் பின்னால் கருவிகளோடு பிணைந்து தன் ஏக்கத்தையும் கோபத்தையும் ஷாரனுக்குக் கடனாகத் தருகிறாள். உலகத்துக்கு அவள் ஒரு தயாரிப்பாளர். உண்மையில் ஷாரனின் நெஞ்சமே அவள்தான். கதைக்கு வெளியே, இந்தப் படைப்பு உருவான விதமும் இதையே சொல்கிறது. இயந்திரப் பாடகி ஒருத்தியை உருவாக்கப் பல பெண்களின் குரல்கள் வேண்டியிருந்தன. பேசும் ஷாரனுக்கு ஒருவர் குரல். அவளுடைய பாட்டுகளுக்கு அகினோ அராய், மெலடி செக்ஸ்டன், கேப்ரியலா ராபின் ஆகியோர் குரல்கள். இவர்களில் கேப்ரியலா ராபின் என்பது இசையமைப்பாளர் யோகோ கன்னோவே சூடிக்கொண்ட புனைபெயர் என்பது பின்னாளில் தெரியவந்தது. மனிதர் இல்லாத குரல் என்று கேட்போர் நம்பிய ஒவ்வோர் இடத்திலும் ஒரு மனிதத் தொண்டை இருந்திருக்கிறது. 2007இல் வெளிவந்து புகழ்பெற்ற ஹாட்சுனே மிக்கு என்னும் கணினிக் குரலுக்குள்ளும் சாகி ஃபுஜிதா என்னும் குரல் நடிகையின் பதிவுகள்தான் இருக்கின்றன.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். பிற்பகுதியில் சட்டத்துக்குப் புறம்பான ஒரு சில்லு பொருத்தப்பட்டு, ஷாரன் தன்னுணர்வு பெற்று, மக்களை மயக்கி, மாக்ரோஸ் என்னும் போர்க்கப்பல் கோட்டையையே கைப்பற்றுகிறாள். ஆகவே இது கட்டு மீறிய இயந்திரத்தைப் பற்றிய எச்சரிக்கைக் கதை மட்டுமே என்று வாதிடலாம். ஆனால் மியுங் மறைக்கப்பட்டது அந்தச் சில்லுக்கு முன்பே. ஷாரன் ஒழுங்காக, எல்லோருக்கும் இன்பமளித்து, சட்டப்படி இயங்கிய நாட்களில்தான் மியுங் தன் குரலை இழந்திருந்தாள். கட்டு மீறிய பின் ஷாரன் கேட்பதும் மியுங்கின் ஆசைகளைத்தான். இசாமுவின்மேல் மியுங்குக்கு இருந்த அன்பை அவள் தனதாக்கிக்கொள்கிறாள். மறைக்கப்பட்ட உழைப்பு உரிமையாளரில்லாமல் உலவத் தொடங்கியதன் விளைவே பிற்பகுதி. சில்லு அந்த விளைவை வெளியே கொண்டுவருகிறது. காரணம் அதற்கு முந்தையது.

விமானிகளின் கதை இதற்கு இணையாக ஓடுகிறது. இசாமுவும் கல்டும் ஒருவரையொருவர் வெல்ல உயிரைப் பணயம் வைத்துக்கொண்டிருக்கும்போது, மேலிடம் இருவரையும் ஒதுக்கி, கோஸ்ட் எக்ஸ்-9 என்னும் ஆளில்லா விமானத்தைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது. போட்டியாளர் இருவரும் ஒருவரையே ஒருவர் பார்த்துக்கொண்டிருந்ததால், தீர்ப்பு எழுதப்பட்ட அறை அவர்கள் கண்ணில் படவே இல்லை. கடைசியில் மனிதரே வெல்கிறார்கள். அது வெறும் ஆறுதல் என்று சொல்வாரும் உண்டு. 2020 ஆகஸ்டில் அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு முகமை நடத்திய கணினி வான்சண்டையில், செயற்கை நுண்ணறிவு நிரல் ஒன்று அனுபவமிக்க எஃப்-16 விமானியை ஐந்துக்குச் சுழியம் என வென்றது உண்மை. ஆனால் ‘மாக்ரோஸ் பிளஸ்’ மனிதத் திறன் மேலானது என்று வாதிடவே இல்லை. கோஸ்டை வீழ்த்த கல்ட் தன் விமானத்தின் பாதுகாப்பு வரம்புகளை நீக்குகிறான். அந்த வேகத்தின் அழுத்தம் அவன் உடலை நசுக்கிக் கொல்கிறது. இயந்திரம் தாங்குவதை மனித உடல் தாங்காது என்பதை இதைவிட நேர்மையாகச் சொல்ல முடியாது. மயக்கத்தில் விழுந்த இசாமுவை மீட்பது மியுங்கின் குரல். அது ஷாரனின் குரலைவிடச் சிறந்தது என்று கதை எங்கும் கூறவில்லை. அவள் தன் பெயரில், தன் விருப்பத்தோடு பாடுகிறாள் என்பதையே காட்டுகிறது. எனவே படைப்பின் அக்கறை யார் திறமைசாலி என்பதில் இல்லை, யார் பெயரில், யாருடைய ஒப்புதலோடு என்பதில் இருக்கிறது.

இந்த அளவுகோலோடு கேமரன் மலைக்கு வருவோம். நில அளவையாளர் வில்லியம் கேமரன் 1885இல் மேற்கொண்ட பயணத்தால் பெயர்பெற்ற இந்த மலையில், ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார்; 1933இல் பாரத் தேயிலை வந்தது. ஹாபு, ஃபேர்லி, சுங்கை பாலாஸ் சரிவுகளில் காடழித்துத் தேயிலை நட்டவர்களிலும், தலைமுறைகளாகக் கொழுந்தெடுத்தவர்களிலும் தமிழர் பெருந்தொகையினர். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிந்த பின் மலாயாவுக்கு ஆள் சேர்த்தது, தோட்ட மேற்பார்வையாளரான கங்காணி தன் ஊரிலிருந்து ஆள் அழைத்துவரும் கங்காணி முறை. பயண உதவி பெற்றுக் கூலிகள் வருவதை 1938இல் இந்திய அரசு தடுத்தபோதுதான் அது நின்றது. அதாவது இந்த மலையில் தேயிலை வேரூன்றிய முதல் பத்தாண்டு, கங்காணி முறையின் கடைசிப் பத்தாண்டு. விடியற்காலையில் ஆளெண்ணும் பெரட்டு, வரிசையாய்க் கட்டிய லயத்து வீடு, முதுகுக் கூடை, கணக்கெழுதும் கிராணியின் தராசு என்று அமைந்த அந்த வாழ்க்கையில் பெண்களின் விரல்களே முதன்மைக் கருவி. இரண்டு இலையும் ஓர் அரும்புமாகக் கிள்ளி எடுப்பதற்கு வேண்டிய கண்ணும் கையும் பல ஆண்டுப் பழக்கத்தில் வருபவை. அந்தத் திறன் எடைக்குத் தகுந்த கூலியாக மட்டுமே ஏட்டில் ஏறியது. பொட்டலத்தில் ஏறியது தோட்டத்தின் பெயர்.

உழைப்போடு பாட்டும் இருந்தது. கங்காணியின் கடுமை, துரையின் அதிகாரம், கப்பலேறிய துயரம், விட்டுவந்த ஊர், பிள்ளைக்கான தாலாட்டு, இறந்தவருக்கான ஒப்பாரி என விரியும் மலாயாத் தோட்டப்புறப் பாடல்களை இரா. தண்டாயுதம், முத்தம்மாள் பழனிசாமி போன்றோர் தேடித் தொகுத்தார்கள். இலங்கை மலையகத்தில் சி. வி. வேலுப்பிள்ளை ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ தொகுப்பில் அதே பணியைச் செய்தார். தேயிலை வேலைக்கு ஒரு தனி இயல்பு உண்டு. ரப்பர் மரம் சீவுபவர் விடியலில் தன் நிரையில் தனித்து நடக்கிறார். கொழுந்தெடுப்பவர்கள் அருகருகே நிரை பிடித்து ஒரே சரிவில் நகர்கிறார்கள். ஒருவர் தொடங்கியதை அடுத்தவர் வாங்கிப் பாடக்கூடிய தூரம் அது. மோட்டார் பொருத்திய அறுவடைக் கருவி வந்ததும் அந்தத் தூரத்தை அதன் இரைச்சல் நிரப்பிக்கொள்கிறது. பாட்டு குறைந்ததற்கு வானொலியும் திரையிசையும் பள்ளிப் படிப்பும் நகரக் குடியேற்றமும் காரணங்கள்தாம். இயந்திரம் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது மிகை. ஆனாலும் வேலையிடத்தில் மனிதர் ஒருவர் குரலை ஒருவர் கேட்பதற்கான வாய்ப்பை இயந்திரம் எடுத்துக்கொண்டது என்பதும், கையிலிருந்த வேலைக்கு முன்பாகவே அது வாயிலிருந்த பாட்டை நிறுத்திவிடும் என்பதும் கவனிக்கத்தக்கவை.

இன்று அந்தச் சரிவுகளில் விரலால் கிள்ளுவது அரிது. இலை சேரும் பெட்டி பொருத்திய கத்தரியும், இருவர் புதரின் இருபுறமும் பிடித்து நடக்கும் மோட்டார்க் கருவியும் வழக்கத்துக்கு வந்து நெடுங்காலமாயிற்று. அந்த மோட்டார்க் கருவியை உற்றுப் பார்த்தால் இக்கட்டுரையின் வாதம் கண்முன்னே தெரியும். அது ஆளை அகற்றவில்லை. சாய்ந்த நிலத்தில் இருவர் ஒரே அடிவைப்பில் நடந்து அதைத் தாங்கவேண்டும். பின்னால் நிறையும் சாக்கை இழுக்கவேண்டும். கருவி வேகமாகத் தெரிகிறது, அதைச் சுமக்கும் தோள்கள் தெரிவதில்லை. அந்தத் தோள்கள் இப்போது பெரும்பாலும் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளருடையவை. தமிழர் வேலையை வெளிநாட்டார் பறித்துக்கொண்டார்கள் என்ற பேச்சு நம்மிடையே உண்டு. இசாமுவும் கல்டும் ஒருவரையொருவர் எதிரியாகக் கருதியதைப் போன்ற பிழை அது. முன்னாள் தொழிலாளியும் இந்நாள் தொழிலாளியும் ஒரே வரிசையில் முன்னும் பின்னும் நிற்பவர்கள். எந்தக் கருவி, எத்தனை ஆள், எந்த ஒப்பந்தம், எவ்வளவு சம்பளம் என்ற முடிவுகள் அவ்விருவரில் எவரிடமும் கேட்டு எடுக்கப்பட்டவை அல்ல. கங்காணி காலத்துத் தமிழர் எந்த நிலையில் கப்பலேறினாரோ, அதற்கு நெருக்கமான நிலையில் இன்று விமானமேறி வருபவரை எதிரியாக்குவது நம் வரலாற்றை நாமே மறப்பதாகும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மழையும் குளிரும் அட்டைக்கடியும், கூடையின் பாரமும் வளைந்த முதுகுமாக வாழ்ந்தவர்களிடம் போய், கைவேலையும் பாட்டும் போயிற்றே என்று வருந்துவது வசதியானவர்களின் ஏக்கம். அந்த வேலையிலிருந்து பிள்ளைகள் விடுபட்டதே வெற்றி என்பது அது. இதை மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை ஆசிரியராகவும் தாதியாகவும் ஆனதற்கு எந்தப் பாட்டும் ஈடாகாது. ஆனால் விடுதலையை யார் தந்தார்கள் என்பதைப் பிரித்துப் பார்க்கவேண்டும். உழைப்பின் பயன் தொழிலாளிக்குச் சேர்ந்த இடங்களிலெல்லாம் அதைச் சேர்த்தது அமைப்பும் சட்டமும். 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் கூலிப் பேச்சுவார்த்தையில் தொழிலாளிக்கு ஒரு நாற்காலி பெற்றுத் தந்தது. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டி, கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தில் தொடங்கித் தோட்டங்களையே வாங்கியது. குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 2013இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாக நடைமுறைக்கு வந்து, 2025இல் 1,700 ரிங்கிட்டை எட்டியிருக்கிறது. இவற்றில் எதையும் இயந்திரம் தானாகக் கொண்டுவரவில்லை. விளைச்சலைப் பெருக்குவது இயந்திரத்தின் வேலை. பெருகியதைப் பங்கிடுவது மனிதர் கேட்டுப் பெறவேண்டியது. சுமை குறைந்ததற்கு நன்றி சொல்லிக்கொண்டே பங்கைக் கேட்பதில் முரண்பாடு எதுவுமில்லை.

ஷாரன் ஆப்பிளின் கதை இன்று தமிழ்த் திரையிசையிலும் நேரடியாக நடக்கிறது. 2024இல் வந்த ‘லால் சலாம்’ படத்தில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் ஏ. ஆர். ரகுமான் மீட்டெடுத்தார்; குடும்பத்தாரின் இசைவைப் பெற்றதாகவும் உரிய ஊதியம் தந்ததாகவும் அறிவித்தார். அதே ஆண்டில் ‘கோட்’ படத்துக்காக, அவ்வாண்டு ஜனவரியில் காலமான பவதாரிணியின் குரல், அவருடைய தம்பி யுவன் சங்கர் ராஜாவின் இசையில் மீண்டும் ஒலித்தது. மாறாக, எஸ். பி. பாலசுப்ரமணியத்தின் குரலை ஒப்புதலின்றிப் போலச்செய்ததாகக் கூறி, ஒரு தெலுங்குப் படக்குழுவுக்கு அவர் மகன் எஸ். பி. சரண் சட்ட அறிவிப்பு அனுப்பினார். பாடகர் அரிஜித் சிங்கின் குரலையும் அடையாளத்தையும் இசைவின்றிக் கணினிக் கருவிகளில் பயன்படுத்துவதற்கு மும்பை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் இடைக்காலத் தடை விதித்தது. தொழில்நுட்பம் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றே. ஒப்புதல் கேட்கப்பட்டதா, பெயர் சொல்லப்பட்டதா, ஊதியம் சேர்ந்ததா என்பவையே ஒரு நிகழ்வை அஞ்சலியாகவும் மற்றொன்றை அபகரிப்பாகவும் ஆக்குகின்றன. மியுங்கும் சம்பளம் வாங்கினாள்; அது போதவில்லை, ஏனெனில் அவள் பெயர் மேடையில் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. மறைந்தவர்கள் விஷயத்தில் குடும்பம் சொல்லும் சம்மதம் பாடியவரின் சம்மதத்துக்கு முழு ஈடாகாது என்பதும் உண்மை. அதனால்தான் வாழும் பாடகர்கள் தம் குரல் பின்னாளில் எப்படிப் பயன்படலாம், எப்படிப் பயன்படக்கூடாது என்பதை இப்போதே எழுதி வைப்பது அவசியமாகிறது.

நாட்டுப்புறப் பாட்டுக்கு ஆசிரியர் பெயரே கிடையாதே, பெயரின்மை அதன் அழகல்லவா, அங்கே இந்த அளவுகோல் எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். பெயரின்மையில் இரண்டு வகை உண்டு. ஒரே வேலைக்குழுவில் இருந்தவர்கள் ஒருவர் அடியை மற்றவர் மாற்றிப் பாடி, எல்லோரும் எல்லோரையும் அறிந்திருந்த நிலையில் பெயர் தேவைப்படவில்லை. அது பகிர்வில் பிறந்த பெயரின்மை. அந்தப் பாட்டு ஒலிநாடாவிலும் அச்சிலும் கணினியிலும் ஏறி, அறியாதவர் கைக்குப் போகும்போது பெயர் விடுபட்டால், அது கொடுத்தவரை எடுத்தவரிடமிருந்து துண்டிக்கும் பெயரின்மை. முன்னதைக் காட்டிப் பின்னதை நியாயப்படுத்த முடியாது. தோட்டப்புறப் பாடல்களைச் சேகரித்தவர்களின் பெயர்கள் நமக்குத் தெரிகின்றன. அவர்களிடம் பாடிக்காட்டிய பாட்டிமார் பலரின் பெயர்கள் பொது நினைவில் இல்லை. சேகரித்தவர்கள் செய்தது பெரும்பணி. அவர்கள் இல்லையென்றால் பாட்டும் சேர்ந்தே போயிருக்கும். அந்தப் பணியை அடுத்த தலைமுறை தொடரும்போது பாடியவரையும் அவர் தோட்டத்தையும் சேர்த்துப் பதிவது அவர்கள் உழைப்பையும் நிறைவு செய்யும்.

நாளை ஒரு நிரல், தோட்டப்புறத் தாலாட்டைத் தோட்டத்துக் குரலிலேயே பாடிவிடும். கேட்பவர் கண்கலங்கவும் கூடும். அந்த நிரலுக்குப் பாட்டைக் கொடுத்தவர் யார் என்று அப்போது கேட்பது தாமதம். மலேசியத் தமிழ் அமைப்புகளும் பல்கலைக்கழகங்களும் ஒலிப்பதிவுகளை மின்மயமாக்கும்போதே பாடியவர் பெயர், ஊர், தோட்டம், அவர் அல்லது அவர் குடும்பம் தந்த ஒப்புதலின் எல்லை ஆகியவற்றைச் சேர்த்து எழுதவேண்டும். அந்தப் பதிவிலிருந்து வருவாய் வந்தால் அதில் ஒரு பகுதி அந்தத் தோட்டச் சமூகத்தின் பள்ளிக்கோ நூலகத்துக்கோ போகவேண்டும். மலைச்சரிவிலும் இதே நெறிதான். புதிய கருவி வரும்போது அதைப் பிடித்து நடக்கப்போகிறவர்கள், அவர்கள் எந்த நாட்டவராயினும், பேச்சுவார்த்தை மேசையில் இருக்கவேண்டும்; கூடும் விளைச்சலில் அவர்கள் பங்கு எழுத்தில் இருக்கவேண்டும். ‘மாக்ரோஸ் பிளஸ்’ முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் பழையதாகாததற்குக் காரணம், அது இயந்திரத்தை வெறுக்கச் சொல்லவில்லை. இயந்திரத்துக்குள் இருப்பவரைத் தேடச் சொல்கிறது. அப்படித் தேடப்படாத உழைப்பு எத்தனை தலைமுறைக்குக் கணக்கிலிருந்தே விடுபட்டுப்போகும் என்பதைத் தோட்டத் தமிழரைவிட நன்கறிந்தவர் இல்லை. ஆகவே அந்தத் தேடலை முதலில் தொடங்கவேண்டிய கடமையும் நமக்கே இருக்கிறது.